வறண்ட போரில் கேட்ட சத்தம்

ஐப்பசி 12, செவ்வாய்

மத்தியானம் கேட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தெருக்கோடி போர்வெல் வறண்டு நாலு வருஷம். போன கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டோம். அதன்பிறகுதான் என் மனைவி கலாவும் தெருப் பெண்களும் போரைச் சுற்றிக் குழி வெட்டினார்கள். கூரைகளில் விழும் மழையை அதற்குள் இறக்க வேண்டுமாம். குழியை நிரப்ப ஜல்லிக்குப் பதிலாக, நான் வேலை பார்க்கும் செராமிக் சூளையில் உடைசலென்று கழித்த கோப்பைகளைக் கேட்டாள். "செத்த போருக்கு டீ ஊத்தப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே மூட்டை கட்டிக் கொடுத்தேன்.

இன்று பெருமழை. விட்டதும் கலா என்னை இழுத்துப்போனாள்.

"போர் பைப்புல காத வச்சிக் கேளுங்க."

வைத்தேன். எங்கோ ஆழத்தில், இருட்டுக்குள், அருவி விழுந்துகொண்டிருந்தது. மண் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை இத்தனை வயதில் இன்றுதான் கேட்கிறேன். கழுத்து வலித்தும் தலையை எடுக்க மனம் வரவில்லை.

"என்னாங்க, கேக்குதா?"

மற்றக் காதையும் வைத்துக் கேட்டேன். வருகிற கோடைக்கு இது தாங்குமா, தெரியாது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்த்தேன், வெறுங்கால். போர் பக்கத்தில் செருப்பை எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை.