ஐந்து வீடுகளின் அடிமனை

மார்ச் 4, 2019

மேல்மாடியில் குடியிருக்கும் தபால்காரர் டெஸ்மண்டிடம் இன்று பேச வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன். எழுதி வைக்காவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

1. எங்கள் கட்டடத்தின் ஐந்து வீடுகளும் நீண்ட காலக் குத்தகை. அடிமனையும், அதாவது கீழே உள்ள நிலமும், கட்டடமும் நிலக்காரருடையவை. நாங்கள் சேர்ந்து கேட்டால், அவருக்கு விருப்பமில்லாவிட்டாலும் எங்களுக்கு விற்றாக வேண்டும் என்கிறது சட்டம்.
2. ஐந்தில் மூன்று வீட்டார் கையெழுத்து வேண்டும். இரண்டு வீடுகளின் குத்தகையை நிலக்காரரே வாங்கி வைத்திருக்கிறார். மீதி டெஸ்மண்ட், நான், தரைத்தளத்துத் திருமதி ஆர்ச்சர்ட்.
3. திருமதி ஆர்ச்சர்டுக்கு இதில் விருப்பமில்லை. ஜனவரியில் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.
4. ஆகவே காத்திருப்பதே முறை.

டெஸ்மண்ட் சிரித்தார். "கடுதாசியா? வாத்தியாரே, தபால்காரன் நானே சொல்றேன், ஒரே கட்டடத்துல இருக்கறவங்களுக்கு எவனாவது கடுதாசி போடுவானா? போய்க் கதவத் தட்டுங்க."

"நீங்கள் தட்டலாமே" என்றேன்.

"நானா? வாசல்ல சைக்கிள் நிறுத்தினதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். என் மூஞ்சியப் பாத்தாலே சாத்திடுவாங்க."

மார்ச் 19

தட்டவில்லை.

ஏப்ரல் 11

திருமதி ஆர்ச்சர்ட் இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தவர், இன்று சக்கர நாற்காலியில் திரும்பினார். வாசலில் நான்கு படிகள். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். "மெதுவாப்பா, பியானோ இல்ல, நான் உடைஞ்சா வேற வாங்க முடியாது" என்று அதட்டிக்கொண்டே வந்தார்.

மே 2

படிமேல் சாய்தளம் போட நிலக்காரரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். பதிலைக் கட்டடத்தின் பொதுக் கூடத்தில் டெஸ்மண்டுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். படிகள் அடிமனையைச் சேர்ந்தவையாம். சாய்தளம் முகப்பின் அழகைக் கெடுக்குமாம்.

"அழகாம் அழகு! பெயின்ட் உரிஞ்சு பத்து வருஷமாச்சு! இனிமே கடலப் பாக்கணும்னா ரெண்டு ஆளக் கூலிக்குப் பிடிக்கணும்."

அடிமனை எங்களுடையதானால் அனுமதி தர நாங்களே போதும். இப்போது கேட்டால் சம்மதிப்பாரோ? ஆனால் அவர் விழுந்ததை நான் பயன்படுத்திக்கொள்வதாக ஆகிவிடாதா? கீழே இறங்கிப் போனேன். கதவுக்கு முன் நின்றேன். மேலே வந்துவிட்டேன். இது பண்பா, பயமா?

ஜூன் 3

மறுபடி இறங்கினேன். உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நிகழ்ச்சி. நடுவில் தட்டுவது சரியல்ல.

ஜூலை 16

டெஸ்மண்ட் படியிலேயே நிறுத்திச் சொன்னார். "கீழ் வீட்டம்மா வித்துட்டாங்க வாத்தியாரே. நிலக்காரருக்கே. முதியோர் இல்லத்துக்குப் போறாங்களாம், அங்க படி கிடையாது. நாம ரெண்டு பேர்தான் மிச்சம். கதை முடிஞ்சுது."

இருமுறை கணக்குப் போட்டேன். இரண்டு, மூன்று ஆகவில்லை.

ஆகஸ்ட் 9

இன்று புறப்பட்டார். வண்டிக்காகத் தன் வீட்டுக் கூடத்தில் காத்திருந்தார். கதவு திறந்தே இருந்ததால் தட்ட வேண்டியிருக்கவில்லை. என் கடிதம் அவரைப் புண்படுத்தியதா என்று கேட்டேன்.

"அந்த நாலு பக்கமா? மூணு தடவ படிச்சேன், மிஸ்டர் டாப்செல். எதுக்கோ மன்னிப்புக் கேக்கறீங்கன்னு புரிஞ்சுது. எதுக்குன்னுதான் புரியல. பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்னு முடிச்சிருந்தீங்க. சரின்னு சிரமப்படல."

நான் கேட்க நினைத்ததைச் சொன்னேன். இரண்டே வாக்கியம்தான் ஆனது.

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இத ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லியிருந்தா, பேனா எங்கன்னுதானே கேட்டிருப்பேன்? அட, மனுஷா..."

பிறகு வண்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அடிமனை என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள்.

மார்ச் 4 அன்று எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு. அவருக்கு விருப்பமில்லை என்று எழுதியது நான். அவரை யாரும் கேட்கவே இல்லை.