ஐம்பதாம் பக்கத்தில் ஒரு வட்டம்

அக்கா,

போன சனிக்கிழமை மத்தியானம், சமையலறை வேலையெல்லாம் முடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். தடித்த புத்தகம். நான்கு அண்ணன் தம்பிகள், ஓர் அரிசி மண்டி, பிரியப்போகிற சொத்து. உனக்கு ரொம்பப் பிடித்த வகை. மூத்த மருமகள் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்குகிற இடத்தில் பக்கத்தைப் புரட்டினேன். ஐம்பதாம் பக்கம். எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருந்தது. அது என் வட்டம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். உள்ளே கிருபா போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று, தாகமில்லாமலே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன். முழுதாக எழுத வருகிறதா என்று பார்க்கத்தான். நூலகத்தில் ஏற்கெனவே படித்த புத்தகத்தையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்து ஏமாறாமலிருக்க, வாசகர்கள் ஆளுக்கோர் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருவர் கடைசிப் பக்கத்தில் கோடு கிழிப்பார், இன்னொருவர் அட்டையின் உட்புறம் பெருக்கல் குறி போடுவார். நமக்கு ஐம்பதாம் பக்கம். நீ படித்தால் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. அப்புறம் நான் படித்துவிட்டு அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். எந்தப் புத்தகமானாலும் நீதான் முதலில் படிப்பாய், மூத்தவள் என்கிற அதிகாரம். புத்தகத்தில் கிறுக்குகிற பிள்ளைகளை முட்டி போடவைத்த டீச்சர் நீ, வீட்டுக்கு வந்து அரசாங்கப் புத்தகத்தில் சாவகாசமாகப் பென்சில் வைப்பதைப் பார்த்து அத்தான் எவ்வளவு கேலி செய்திருக்கிறார்.

போன வாரம் பார்த்த வட்டத்துக்குள் உன் புள்ளி இல்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. புள்ளி இருந்திருந்தால், எப்போதோ நாம் இருவரும் படித்த பழைய புத்தகம், மறந்துபோனதில் ஆச்சரியமில்லை என்று விட்டிருப்பேன். புள்ளி இல்லாத வட்டம் என்றால் நீ நூலகத்துக்கு வருவது நின்றுபோன பிறகு நான் தனியாக எடுத்துப் படித்தது. மிஞ்சிப்போனால் நாலைந்து வருஷம் இருக்கும். அந்த மண்டியும் அந்த மருமகளும் எனக்குப் புத்தம் புதிதாக இருந்தார்கள். ஒரு வரிகூட, ஒரு பெயர்கூட ஞாபகத்தில் இல்லை.

உன்னிடம் மறதி ஆரம்பித்த வயதுக்கு நானும் வந்துவிட்டேன், அக்கா.

நம் சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். காலையில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட். அங்கே பேரம், அப்புறம் நூலகம், அப்புறம் ஏதாவது ஒரு கடையில் வெங்காய பஜ்ஜி. கடைசியில் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கம். நீ முன்னால் போவாய். உன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு பைகளோடு நான் பின்னால் ஓடுவேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "வரியாடி?" என்று மட்டும் கேட்பாய். நான் பின்னால் வருவேன் என்பதில் உனக்கு அவ்வளவு நிச்சயம்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாய். கீழே ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நம்ம வீடு எந்தப் பக்கம்டி?" என்றாய். என்னைக் கிண்டல் செய்கிறாய் என்றே நினைத்தேன். "உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் இருக்காரோ அந்தப் பக்கம்தான்" என்று நானும் பதிலுக்குக் கிண்டலடித்தேன். நீ சிரித்தாய். ஆனால் முன்னால் போகவில்லை. நான் நடக்கட்டும் என்று காத்திருந்து, ஓர் அடி தள்ளி என் பின்னால் வந்தாய். அதற்குப் பிறகு நீ என் முன்னால் நடந்ததே இல்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வயதாகிறது, முட்டி வலி என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டலூர் போன நாள் ஞாபகம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை. அத்தானுக்குத் திடீரென்று உற்சாகம் வந்து, எல்லோரும் ஜூவுக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டார். கிருபா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்; நானென்ன சின்னப் பிள்ளையா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள். நீர்யானையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நீ இல்லை. அத்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கிருபா ஒரு பக்கமாகத் தேடினோம். சிங்கமும் புலியும் இருக்கிற இடத்தில் மனுஷியைத் தொலைத்துவிட்டுத் தேடுவது கொடுமை. நடக்காது என்று தெரிந்தும் மனசு என்னென்னவோ நினைத்தது.

ஒரு மரத்தடியில் நீ உட்கார்ந்திருந்தாய். ஏதோ ஊரிலிருந்து வேனில் வந்திருந்த பெரிய குடும்பம். பாயை விரித்துப் புளிசாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கையில் தட்டோடு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "எங்க போய்ட்ட? நாங்க எல்லாரும் உன்னத்தான் தேடிட்டிருக்கோம்" என்றாய். அந்தக் குடும்பத்து அம்மாள் வெலவெலத்துப் போய், தன் மாமியார் வகைச் சொந்தம் என்று நினைத்துத்தான் சோறு போட்டதாகவும், அவர்கள் வகையில் பாதிப் பேரைத் தனக்குத் தெரியாதென்றும் சொன்னார். சிரிக்காமல் என்ன செய்வது? அத்தான் சிரித்தார், கிருபா விழுந்து விழுந்து சிரித்தாள். நீதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாய்.

திரும்பும்போது மின்சார ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பெருங்களத்தூர் தாண்டியதும், முந்தானை மறைவில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் பதிகிற மாதிரிப் பிடி. முகம் மட்டும் ஜன்னல் பக்கமே இருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதடி. சொன்னா நிஜமாயிடும்" என்றாய். எது நிஜமாகிவிடும் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நிஜமாகத்தான் ஆனது. டாக்டர் உன் மூளை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எங்கள் பக்கம் திரும்பி, வீட்டில் வேறு யாருக்காவது இந்த மறதி நோய் இருந்ததா என்று கேட்டார். நம் அப்பா கடைசிக் காலத்தில் என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்றார். அத்தான் பாவம், என் பக்கம் பார்க்காமலிருக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

நீ படிப்பதை மட்டும் விடவில்லை. வீட்டைவிட்டு வெளியே வருவது நின்றதும் உன் கார்டிலும் நானே புத்தகம் எடுத்து வந்தேன். போகப்போக ஒரே ஒரு புத்தகத்தைத்தான் கேட்டாய், அந்த இரட்டைச் சகோதரிகள் கதை. நூலகர் நல்ல மனிதர். எத்தனை தடவை புதுப்பித்தாலும் முகம் சுளிக்கமாட்டார். "முடிவு என்னன்னு சொல்லிடாத" என்று ஒவ்வொரு தடவையும் என்னை மிரட்டுவாய். ஒரு நாள் புதுப்பிக்க எடுத்துப் போகும்போது ஐம்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்தது போல. ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் ஒன்று வைத்திருக்கிறாய். அடுத்த முறை அதைப் பார்க்கவேயில்லையா, அல்லது பார்த்தும் யாரோ வைத்ததென்று நினைத்தாயா? ஷேர் ஆட்டோவில் அத்தனை பேருக்கு நடுவில் அழுதேன்.

நீ போன பிறகு நூலகப் பக்கமே போகாமலிருந்தேன். இப்போதுதான், கிருபா சொல்லிச் சொல்லி, மறுபடி ஆரம்பித்தேன். ஆரம்பித்ததற்கு எனக்கு இது வேண்டியதுதான்.

அந்த வட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் செய்கிற கூத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். பாத்திரம் கழுவும்போது ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. செவ்வாய்க்கிழமை திரிசூலம் விட்டுப்போனது. குழாயைத் திறந்தது திறந்தபடி நின்றேன். மறதியா, பதற்றமா? இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கெப்படித் தெரியும்? அந்தப் புத்தகம் படித்த காலத்தில் உன்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்து, அப்புறம்தான் புத்தகத்தைப் பிடித்தேன்; கண் படித்திருக்கும், மனசு படித்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்கிறேன். பகலில் அது போதுமானதாக இருக்கிறது. விளக்கை அணைத்துப் படுத்தால் போதுவதில்லை. கிருபாவின் அப்பா மஸ்கட்டிலிருந்து அழைக்கும்போது மழை வந்ததா, மோட்டார் ஓடுகிறதா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

இந்தச் சனிக்கிழமை கிருபாவோடு மார்க்கெட் போனேன். அவள்தான் இப்போது எனக்கு ஓட்டுநர். வாரமெல்லாம் சோழிங்கநல்லூரில் வேலை, சனிக்கிழமையானால் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு காய், மளிகை, மாவு என்று சுற்றுகிறாள். கத்தரிக்காயும் சுரைக்காயும் வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து காய்க்காரப் பெண்ணின் குரல்.

"யக்கா, துட்டு குட்த்துட்டு காய வுட்டுட்டுப் போறியே, இன்னா?"

யாரும் செய்கிற தவறுதான். அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டுதான் பையை நீட்டினாள். ஆனால் நான் திரும்பியபோது கிருபா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், நான் பார்த்ததும் சட்டென்று தக்காளியைப் புரட்ட ஆரம்பித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றோம். பின்னால் உட்கார்ந்து பேசுவதில் ஒரு சௌகரியம், முகத்தைப் பார்க்க வேண்டாம். அவள் ஹெல்மெட்டைப் பார்த்தே வட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் பச்சை விழுந்ததும் நேரே போகாமல், ஓரங்கட்டி ஒரு கரும்புச் சாற்றுக் கடையில் நிறுத்தினாள். மீதியை அங்கே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த வட்டம் நான் போட்டதும்மா. காலேஜ் படிக்கும்போது உன் கார்டுல எடுத்துப் படிச்சேன். நீயும் பெரிம்மாவும் போடுவீங்கல்ல, அதான் நானும் போட்டேன்."

நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்த மாதிரி இருந்தது. அப்படியே நம்பினேன். தமிழ் நாவலை எடுத்தால் பத்துப் பக்கத்தில் தூங்கிவிடுகிற பெண் என்பதுகூட உடனே உறைக்கவில்லை. குரல்தான் முதலில் உறைத்தது. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாக, ரொம்பச் சாதாரணமாக. அது என் குரல், அக்கா. "இத நான் படிச்சிருக்கேனாடி?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "இல்லக்கா, புதுசு, நேத்துதான் வந்துச்சு" என்று நான் சொன்ன குரல்.

கிருபா சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். துருவிக் கேட்டாலும் எனக்கு நிச்சயமாகப் போவதில்லை. அப்போதெல்லாம் என் பதிலைக் கேட்டுவிட்டு நீ ஒரு நிமிடம் என் முகத்தையே பார்ப்பாய். பிறகு "அப்படியா" என்று புத்தகத்தைத் திறப்பாய். என்னை நம்பிவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நானும் "அப்படியா" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சாற்றைக் குடித்துவிட்டு, மாவு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போயிருப்போம். இன்னும் எத்தனையோ சனிக்கிழமைகள் அவள் என்னைப் பார்ப்பதை நான் பார்க்காத மாதிரியும், நான் தடுமாறுவதை அவள் பார்க்காத மாதிரியும் ஓட்டியிருப்போம்.

"எனக்குப் பயமா இருக்கு, கிருபா" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கும்தாம்மா" என்றாள். அதற்குமேல் வட்டத்தை யார் போட்டது என்ற பேச்சே வரவில்லை. கடைக்காரர் மிச்சச் சில்லறையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். கிருபா லீவு போட்டிருக்கிறாள். என்ன சொல்வாரோ. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாலும், அடுத்த முறை சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால் மறுபடி ரயில் நிலையங்களைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இனி எனக்கு இப்படித்தான்.

எத்தனை வருஷம் உன் பக்கத்திலேயே இருந்தேன். பயமாக இருக்கிறது என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உன்னிடமிருந்து எனக்கு அந்த நோய் வந்திருக்கிறதா இல்லையா என்று டாக்டர் சொல்லட்டும். பயம் வந்துவிட்டது. அது எவ்வளவு கனம் என்று இப்போது எனக்குத் தெரியும். நீ எப்படித்தான் அதைத் தனியாகவே வைத்துக்கொண்டாயோ. என்னால் ஒரு வாரம்கூட முடியவில்லை, அக்கா. சொல்லிவிட்டேன்.