புற்றுக்குச் சாத்திய மஞ்சள் சேலை

லெப்பைக்குடிக்காடு,
ஞாயிறு மாலை.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் ருமைசாவும் நலம். ஷார்ஜா வெயிலில் நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறோம்.

தினமும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். மிச்ச நேரம் மாமிக்கு. எனக்கு வந்து சேருவது "சாப்டியா, சரி வைக்கிறேன்" மட்டும்தான். உங்கள் கூட்டாளி உசாமா லீவு முடிந்து புதன்கிழமை விமானம் ஏறுகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

கட்டடம் பிழைத்துவிட்டது மச்சான். போனில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

அரியலூர் சாலையில் நாங்கள் கட்டும் ஆராய்ச்சி மையத்தை என் தலையில் ஏற்றிக்கொண்டு எவ்வளவு அலைந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிப் பிள்ளைகளும், நம் மண்ணில் கிடைக்கும் பழைய கடல் கிளிஞ்சல்களை ஆராய வருகிறவர்களும், மக்காச்சோளம் போடும் விவசாயிகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், அதுவும் ஏசி இல்லாமல். அந்த நிலத்தின் மூலையில் நின்ற கறையான் புற்றைப் பார்த்துத்தான் படம் வரைந்தேன். அடிச்சுவரில் வரிசையாகத் துளைகள். அதில் நுழையும் காற்று மண்ணுக்கடியில் போய்க் குளிர்ந்து தரை வழியாக மேலே வரும். சூடான காற்று உச்சியில் இருக்கும் கூம்புகள் வழியாக வெளியே போய்விடும். "ஏசி மெக்கானிக் பொண்டாட்டி ஏசி வேணாங்குறா, புருஷன் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறா" என்று நம் தெருவே சிரித்தது. நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள்.

ஆனால் சித்திரையில் சோதித்துப் பார்த்தபோது கூடம் இட்லிப் பானையாகக் கொதித்தது. மையத்துக்குப் பணம் போடும் டிரஸ்டின் தலைவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு ஏசி போட்டுவிடலாம் என்றார். என் முதல் கட்டடம் மச்சான். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். மாமிக்குக் கேட்டிருக்கும். நான் வெளியே வந்ததும் டீ போட்டுக் கொடுத்தார்கள்.

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். கூம்பின் வாயை அகலப்படுத்தினோம், அதில் கட்டியிருந்த வலையை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. ருமைசா மதரஸாவுக்குப் போயிருந்த நேரத்தில் உங்களிடம் புலம்பினேன். "வெளிய போற காத்தை வுடு. உள்ள வர்ற காத்தைப் பாத்தியா?" என்றீர்கள். துளை போட்டதே நான்தான், எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். "இருக்கட்டும்மா, ஒரு நடை போய்ப் பாரேன்" என்றீர்கள்.

மறுநாள் நொச்சிப் புதரைத் தாண்டிக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். என் துளைகளைக் காணோம். அந்த வரிசை முழுக்க யாரோ மஞ்சள் சேலையை மடித்து, ஒவ்வொரு துளையிலும் செருகிச் சாத்தியிருந்தார்கள். குங்குமப் பொட்டு, வேப்பிலை, முட்டை ஓடு, பால் வழிந்த தடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சுவர் பூசிய பெண்களுக்குத் தலைமையாக இருந்த பொன்னாயி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மாசி மாதம் கல் லாரி பின்னோக்கி வந்தபோது, நான் பார்த்து வரைந்த அந்தப் பழைய புற்று நொறுங்கிப்போனதாம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பால் ஊற்றிய புற்று. "ஆத்தா குடியிருந்த எடத்துல லாரி ஏறிடுச்சும்மா. பக்கத்துலயே நீங்க இம்மாம்பெரிய புத்தா கட்டி வுட்டீங்க. அவ இதுக்குள்ளதான் வந்துட்டான்னு சேலை சாத்தினோம்" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க பாய் வூட்டுப் பொண்ணு. சங்கடப்படுவீங்கன்னுதான் வெள்ளிக்கிழமை நீங்க வராதப்ப கும்புட்டோம்."

எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள், மச்சான். கோபமெல்லாம் போய்விட்டது. சேலையை உருவ என் கை வரவில்லை. கட்டடம் மூச்சு இழுக்கும் மூக்கு இது அக்கா என்று மட்டும் சொன்னேன். "அய்யய்யோ, மூக்கையா கட்டி வச்சோம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரே உருவி எடுத்தார். எடுத்த சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆத்தா இனி எங்கே போவாள் என்ற கவலை அவருக்கு.

இரண்டு பேரும் பழைய இடத்துக்கு நடந்தோம். நொறுங்கிய மண்ணுக்கு நடுவில் ஒரு சாண் உயரத்துக்குப் புது ஈரமண் எழும்பியிருந்தது. கீழே கறையான்கள் சாகவில்லை, மறுபடி கட்ட ஆரம்பித்திருந்தன. பொன்னாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், அழுதார். நானும்தான். அன்றே மேஸ்திரி அசோக்கிடம் சொல்லி லாரிப் பாதையைத் தள்ளிவைத்துச் சுற்றிலும் கல் நட்டோம். சேலை அங்கே போய்ச் சேர்ந்தது.

போன வியாழன் தலைவர் மறுபடி வந்தார். ஏசி கம்பெனிக்காரரையும் கூடவே அழைத்து வந்திருந்தார். உச்சி வெயில். கூடத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசினார். நான் அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வை துடைக்கக் கடைசிவரை கைக்குட்டையை எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது, "அப்படியே இருக்கட்டும்மா" என்றார். அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ்.

நன்றி என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நிக்காஹ் முடிந்தவுடன் படித்தது போதும் என்று எல்லோரும் சொன்னபோது, "அவ படிக்கட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்று மாமி முன்னால் நின்றீர்கள். சொன்ன சொல்லுக்காக விமானமும் ஏறினீர்கள். நான் திருச்சி பஸ்ஸில் போய்ப் படித்த நாளெல்லாம் நீங்கள் அந்த வெயிலில் மொட்டை மாடிகளில் நின்றீர்கள். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் நான் இல்லை.

இன்னொரு விஷயம். மையத்தில் தினமும் சாயங்காலம் மேல் சன்னல்களைத் திறந்து காலையில் மூட வேண்டும், காற்றுப் பாதையைக் கவனிக்க வேண்டும். காற்றின் போக்கு தெரிந்த ஆள் தேடுகிறார்கள். விளம்பரம் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். உங்கள் ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவர்களிடம் "கொஞ்சம் பொறுங்க சார்" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை நானே ஏணி போட்டு ஏறுகிறேன்.

ஏணி கொஞ்சம் ஆடுகிறது, மச்சான்.

அல்லாஹ் உங்களை ஒரு குறையும் இல்லாமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

உங்கள்
பெனாசிர்