விலை இறங்கும்வரை

நிலவின் தென்முனை மின்நிலையம்
பதிவர்: ஜெயசீலி பர்னாந்து, பொறியாளர். பணியில் இருப்போர்: நான் மட்டும்.

மார்ச் 3, 08:10
சூரியத் தகடுகள் சுத்தம். பூமிக்கு அனுப்பும் மின்கதிர் முழு அளவில். தென் மாவட்டங்களில் எரியும் விளக்குகளில் மூன்றில் ஒன்று என் புண்ணியத்தில். குளிர்விக்கும் பம்ப் இரண்டும் ஓடுகின்றன. அடுத்த சரக்குக் கலம் மாதக் கடைசியில். புளி தீர்ந்துவிட்டது, ரசம் என்ற பெயரில் மிளகு போட்ட வெந்நீர் குடித்தேன்.

மார்ச் 9, 09:00
கதிரைக் கால்வாசி குறைக்க நிறுவனத்தின் உத்தரவு. காரணம் 'பராமரிப்பு'. இங்கே எதுவும் பழுதாகவில்லையே என்று கேட்டேன். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து கோபிநாதன்:

"மேடம், கம்மியா அனுப்பினாத்தான் தினசரி ஏலத்துல கரண்டு வெல நிக்கும். அந்த லாபத்துலதான் உங்க கப்பலே வரணும்."

எனக்காகவாம். குறைத்தேன். எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 17, 11:40
கணவர் அருள்ராஜிடமிருந்து குரல்செய்தி. தூத்துக்குடியில் எங்களுக்கு ஐஸ் ஆலை இருக்கிறது.

"ஏ சீலி, கரண்டு பில்லப் பாத்தா தல சுத்துது. ஐஸ் பார் வெலய ரெண்டு மடங்கு ஏத்திட்டேன். இந்த வெலக்கி ஐஸ் வாங்கிட்டு கடலுக்குப் போனா கட்டாதுன்னு போட்டக் கட்டிப் போட்டுட்டாங்க. மத்தி வெலயக் கேட்டா மயக்கம் வருது. நீ மேல ஒக்காந்து என்னதான் பண்ற?"

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

மார்ச் 24, 08:30
கலம் ஒத்திவைப்பு. ராக்கெட் எரிபொருளைத் தண்ணீரைப் பிரித்து எடுக்கிறார்கள். பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம்தான் விலை ஏறிக் கிடக்கிறதே! அந்தச் செலவை ஈடுகட்டக் கதிரை இன்னும் குறைக்க வேண்டுமாம். குறைத்தால் விலை ஏறும், விலை ஏறினால் எரிபொருள் ஏறும், எரிபொருள் ஏறினால் மறுபடி குறை. இவர்களோடு மாரடிக்க என்னால் ஆகாது.

கதிர் இப்போது பாதி.

மார்ச் 29, 10:15
இனி இதைக் கண்டெடுப்பவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு பம்ப் நின்றுவிட்டது. மாற்று பம்ப் அந்த வராத கலத்தில் இருக்கிறது. மீதமுள்ள ஒன்று, பாதிக் கதிரையும் ஆக்சிஜன் இயந்திரத்தையும் சேர்த்துக் குளிர்விக்கும். முழுக் கதிர் அனுப்பினால் ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். இந்தப் பம்பும் முனக ஆரம்பித்துவிட்டது. கலம் சீக்கிரம் வராவிட்டால் நான் இல்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, 09:20
கோபிநாதனைத் திட்டித் தீர்த்தேன். பிறகு கெஞ்சினேன். இன்று முழுக் கதிரையும் திறக்கிறேன், மின்சாரம் கொட்டட்டும், விலை விழும். நாளைக் காலை ஏலத்தில் எரிபொருளுக்கான மின்சாரத்தை வாங்கிவிடுங்கள். வாங்கியதும் கதிரைப் பாதியாக்கிவிட்டு ஆக்சிஜன் இயந்திரத்தை ஓட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க மேடம். அதுவரைக்கும் உங்க மூச்சுக்கு?"

ஆக்சிஜன் தொட்டியில் இருப்பது நாளைக் காலைவரை தாங்கும். இயந்திரத்தை நிறுத்தினேன், கதிரை முழுதாகத் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, 18:00
விலை சரிகிறது. அருள்ராஜ்:

"சீலி! ஆல ஓடுது! போட்டெல்லாம் ஐஸ ஏத்திட்டுக் கெளம்பிருச்சி. நீ வந்ததும் வெளமீன் கொழம்புதான்!"

அழுதுவிட்டேன். அழுதால் காற்று அதிகம் செலவாகும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 5, 09:05
தொட்டி முள் சிவப்பில். தலை வலிக்கிறது. ஏலம் முடிந்தது. விலை பாதிக்கும் கீழே! பிழைத்தேன். வாங்கிவிட்டோம் என்று கோபிநாதன் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

09:20
வந்த செய்தியை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், அருமை! இப்பிடி விழும்னு யாருமே நெனைக்கல. நாளைக்கு இன்னும் எறங்குமாம். அதனால நாளைக்கே வாங்கிக்கலாம்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. ஒரே ஒரு நாள், கதிர அப்படியே வெச்சிருங்க."

09:31
பாதியாக்கினால் மூச்சு. பாதியாக்கினால் விலை ஏறும், கலம் வராது, பம்ப் எத்தனை நாள்
கத்தினேன். போய்ச் சேர்ந்ததா தெரிய
கை சுவிட்சில்தான்

ஏப்ரல் 6, 09:00 (தானியங்கிப் பதிவு)
மின்கதிர்: முழு அளவு.
ஆக்சிஜன் இயந்திரம்: நிறுத்தம்.
பதிவர்: பதில் இல்லை.
தரைச் செய்தி: "மேடம், இன்னைக்கும் எறங்கியிருக்கு. இன்னும் ஒரே ஒரு நாள் பாத்துட்டு வாங்கிடலாம்."