தூங்கும் கிருமியும் என் மாத்திரைப் பெட்டியும்

சிட்லபாக்கம்
14.11.2006

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம். நானும் சுகம் என்றே எழுத வந்தேன், அது எவ்வளவு சரி என்பது கீழே தெரியும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, உன் உடம்பு எப்படி? எழுத வேண்டியவை என்று முந்தாநாள் குறித்தது: 1. வீட்டுச் செய்தி. 2. உன் கட்டுரையில் எனக்குப் புரிந்தது. 3. மாத்திரையை நான் நிறுத்தியது ஏன் சரி.

மழையில் ஏரி நிரம்பித் தெருமுனை வரை தண்ணீர். அம்மா முழங்கால் வலியோடு மாடியேறித் துணி உலர்த்துகிறாள், சொன்னால் கேட்பதில்லை. நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை நான்கு முறை படித்தேன். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனுக்கும் பாதிதான் ஏறியது, தவறிருந்தால் திருத்து. இரை கிடைக்காத பாக்டீரியா ஒரு சிறு புரதத்தை உண்டாக்குகிறது, அது புரதம் செய்யும் பட்டறைகளான ரைபோசோம்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பூட்டுகிறது, புதுப் புரதம் செய்யும் வேலை ஏறக்குறைய நின்று கிருமி தூங்கிவிடுகிறது. அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. என் காசநோய்க்கு மூன்று மாதம் மாத்திரை தின்றாயிற்று, இருமல் போயிற்று, சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். மிச்சமிருப்பவை தூங்குபவை, தூங்குவதை மருந்து சரியாகத் தொடாது, புரதம் செய்யாமல் எத்தனை நாள் தாங்கும், தானே சாகட்டும் என்று முடிவுகட்டி இரண்டு வாரமாக மாத்திரைக்குப் போகவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் குடையோடு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவேன்.

நேற்று பொன்னியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். சேலையூரில் எங்களைப் போன்ற காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை தருகிறவர். அவரவர் பெயர் எழுதிய பெட்டி அவரிடம் இருக்கும், வாரம் ஒரு நாள் அவர் எதிரே விழுங்கி, மற்ற நாளுக்கானதை வாங்கிக்கொண்டு, போன வாரத்துக் காலி அட்டையைக் கொடுக்க வேண்டும். "இன்னா சார், உன் பொட்டி மட்டும் அப்டியே குந்திகினு கீது?" என்றார். கட்டுரையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைய சாத்திட்டான்ற. கடையவே இட்ச்சிட்டானா? சாவிய இடுப்புல சொருவிகினு தூங்கறான் சார், தொறப்பான்" என்றார். அம்மா பின்னாலேயே நின்றிருக்கிறாள். "எழுபது வயசுல ஸ்கூலுக்கு மட்டம் போடறீங்களா?" என்றாள்.

ராத்திரி கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். பூட்டிய ரைபோசோம்கள் உடைவதில்லையாம், இரை வந்த சில நிமிடத்தில் பிரிந்து வேலையைத் தொடங்குகின்றனவாம். நீயே எழுதியிருக்கிறாய். மேலும் நீ ஆராய்ந்தது வேறு கிருமி, காசக்கிருமியும் அப்படித்தானா என்றுகூட நான் கேட்கவில்லை. மருந்தை ஆறு மாதம் என்று வைத்ததே, மெதுவாக விழிப்பவற்றையும் பிடிக்கத்தான் போலும். நாளை பொன்னியம்மாளோடு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவர் சொல்கிறபடி தொடர்கிறேன்.

ஸ்வெட்டர் இல்லாமல் லேபுக்குப் போகாதே. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசு. நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் இருவர் ஆசியும்.

உன் அப்பா,
ஸ்ரீரங்கன்

மூன்றாவதாக எழுதிய தலைப்பை அடிக்கவில்லை, நீ பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அது தவறு.