இறையடியான் மகனார் இட்ட முத்திரை

வளம் பொலிக. மூன்று கடலுக்கும் தலைவராகிய சுடர்முடிப் பேரரசரின் நிழல் நீள்க. அப்பேரரசரின் பெயரால் மேல்மலை நாட்டை ஆளும் மும்முரசுடையார், ஒளிநெறிக் காவலர், இறையடியான் மகனார் மெய்யருள் வளவரின் ஆணைப்படி, அவருடைய ஓலைநாயகன் நம்பிசாத்தன் எழுதும் இவ்வோலையைக் கூகைப்பாறைக் கோட்டைத் தலைவர் பரங்கோடனார் கண்டு நலம் பெறுக.

தண்டனை ஓலை ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டனுப்பியிருந்தீர்கள். மலைக்குடிப் பிள்ளைகளைப் பேரரசின் பணிக்கு எடுக்க வந்தபோது, தம் ஊர்ப்பிள்ளைகளைக் குகையில் ஒளித்து வைத்தவர் கிழவர் ஆதன். சட்டப்படி அவர் சாக வேண்டும். ஆனால் முன்பே ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்ட தகப்பனைக் கொல்லலாகாது என்பதும் அதே சட்டம். அவர் கொடுத்த பிள்ளை நம் வளவரே. அந்நாளில் அவர் பெயர் வேட்டன். தலைநகரில் பேரரசரின் சமயமாகிய ஒளிநெறியில் சேர்த்தபோது, அப்படிச் சேரும் எல்லாருக்கும் எழுதுவதுபோல் தகப்பன் பெயரை இறையடியான் என்று எழுதிவிட்டார்கள். ஊருக்கே உண்மை தெரியும், சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

சட்டத்துக்குத் தெரிவிக்க ஒரே வழிதான் உண்டு. தகப்பன் மகனுடைய வெறுந்தலையில் கை வைத்து, தன் குலதெய்வத்தின் பெயரால், இவன் என் மகன் என்று சபையில் சொல்ல வேண்டும். ஒளிநெறியில் நிற்பவர் வேற்றுத் தெய்வத்தின் பெயரைத் தலையில் ஏற்றாலோ, அது நெறி துறந்த குற்றம், அதற்கும் மரணமே. பேரரசர் சூட்டிய தலைப்பாகையோடு தலையும் போகும் என்று மன்றாடினேன். வளவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குதிரைக்குச் சேணம் பூட்டச் சொன்னார்.

தாங்கள் எல்லைக்குப் போயிருந்த அன்று தங்கள் கோட்டையில் நடந்தது இது. சபை நடுவே வளவர் தலைப்பாகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கிழவர் முன் மண்டியிட்டார். நரை விழுந்த அந்தத் தலையைக் கிழவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டவிழ்த்த கை மெல்ல உயர்ந்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டார்.

"எம் மகன் வேட்டன் சின்ன வயசுலேயே போய்ச் சேந்துட்டான். இவர் யாரோ பெரியவர். தலைப்பாகையைக் கட்டி விடுங்க, தலையில பனி இறங்குது" என்றார்.

மகன் உயிரைத் தன் கையால் வாங்க மாட்டேன் என்று அந்த மனிதர் முடிவு கட்டிவிட்டார். மூன்று முரசு உடையவராலும் அதை மாற்ற முடியவில்லை. மண்டியிட்டவர் தானாக எழவில்லை. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். இத்தனை பட்டங்களையும் பிழையின்றி எழுதிப் பழகிய எனக்கு அன்று அவற்றின்மேல் வெறுப்பாக இருந்தது.

குகையிலிருந்த பிள்ளைகளும் அகப்பட்டுத் தலைநகருக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய தகப்பன்மார் பெயரும் இந்நேரம் இறையடியான் என்றே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே தண்டனை நிறைவேறுக. உடலை மலைக்குடியாரிடமே ஒப்படைத்து, அவர்கள் வழக்கப்படி எரியூட்ட விடுக. கொள்ளி வைக்க மகன் இல்லையாதலால் ஊர்த்தலைவனே வைக்கட்டும். வளவர் தொலைவில் நின்றாவது பார்க்க விரும்பினார். கூடாதென்று நானே தடுத்துவிட்டேன். சந்தனக் கட்டைகள் இவ்வோலையோடு வருகின்றன. யார் அனுப்பியது என்று சொல்லற்க.

இவ்வாணை மலை நிற்குமளவும் நிற்க.

அரக்கில் வளவர் தம் கையாலேயே முத்திரையிட்டார். அரக்கு இறுகுமுன் அவர் விரல் பட்டு, தகப்பன் பெயர் இருக்கும் இடம் மட்டும் கலைந்துவிட்டது. இரண்டாம் முறை இடச் சொன்னேன், அவரால் முடியவில்லை. ஐயுற வேண்டாம், முத்திரை அவருடையதுதான்.