ஓவைஹீ சரிவின் இருபத்திரண்டு தாள்கள்

அக்டோபர் 9
பொய் எழுதியது நான்தான். 1988-இல் ஓவைஹீ மலைச் சரிவில் உச்சி முதல் அடிவாரம் வரை, ஆடு மேயும் சேஜ் என்ற புதரின் இருபத்துமூன்று கிளைகளை வெட்டி, அழுத்தி, உலர்த்தித் தாளில் ஒட்டினேன். உச்சியில் வெட்டிய ஒன்றைத்தான் சோதித்தேன். உயரத்தில் வளரும் மலை வகை. மீதி இருபத்திரண்டுக்கும் சோதிக்காமலே அதே பெயரை எழுதித் தாவரத் தொகுப்பகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 11
தீவனக் கடையில் டோம் எலோர்சாவைப் பார்த்தேன். அந்தச் சரிவில்தான் அவன் ஆடுகள் குளிர்காலத்தில் மேயும். மூன்று வருடம் முன்பு சரிவு முழுக்கத் தீயில் எரிந்தது.

"விதை அலுவலகத்துக்காரங்க ரெண்டு தடவ விதை தூவிட்டாங்க லைல், ஒரு செடி நிக்கல. உன் தாளைப் பாத்துத்தான் மலை விதை வாங்கினாங்களாம். அது மலை உச்சியிலதான் முளைக்கும்போல, எங்க ஆட்டுக்கு மலையேறக் கத்துக் குடுக்கவா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜனவரியில் மறுபடி தூவுவார்கள். அதுவும் பட்டுப்போனால் மந்தையை விற்றுவிடுவானாம்.

அக்டோபர் 12
அன்றைக்குத் தொகுப்பகத்தில் இருந்தவர்கள் சோதனை விளக்கை எனக்கு ஒரே ஒரு மதியம்தான் இரவல் தந்தார்கள். "லாரி மெக்கானிக்குக்குச் செடியோட லத்தீன் பேரு எதுக்கு?" என்று என்னைக் கேட்ட கூட்டம் அது. இன்னொரு நாள் கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ? கேட்கவில்லை. அவர்களிடம் போய் நிற்பதா, நானா?

அக்டோபர் 15
தொகுப்பகம் போனேன். இப்போதைய பொறுப்பாளர் இங்க்ரிட் காப்பி கொடுத்தாள். "உங்க தாளுன்னா நாங்க திருப்பிப் பாக்கறதே இல்ல லைல். அவ்ளோ நம்பிக்கை."

சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 16
கோழை.

அக்டோபர் 20
இன்று இங்க்ரிட்டிடம் சொன்னேன். இருட்டறையில், தாளுக்கு ஓர் இலையாக நசுக்கித் தண்ணீரில் போட்டு, புற ஊதா விளக்கைப் பிடித்தோம். மலை வகை என்றால் நீலமாக ஒளிரும். இருபத்திரண்டில் மூன்றுதான் ஒளிர்ந்தன. பத்தொன்பதும் வயோமிங் வகை, வறண்ட தாழ்நிலத்துச் செடி.

"மூணாச்சும் சரியா இருக்கே," என்றாள்.

"ஆறுதல் சொல்லாத. நான் எழுதின பேர்ச் சீட்டுங்கள கிழிச்சுடறேன்."

"கிழிக்கக் கூடாது லைல். பழசு அப்படியே இருக்கணும். திருத்தம் பக்கத்துல ஒட்டணும். அதான் இங்க வழக்கம்."

ஆக, பொய்யும் இருக்கும், என் கையெழுத்தோடு. இருக்கட்டும்.

அக்டோபர் 21
பத்தொன்பது திருத்தச் சீட்டுகளும் நானே எழுதுவேன். 'மறுஆய்வு' என்று பூசி மெழுகாமல், 'சோதிக்காமல் பெயரிட்டேன்' என்றே. கணினிப் பதிவை மாற்றுவது இங்க்ரிட். விதை அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைக்குள் போன் செய்வதும் அவள்தான். அன்றுதான் ஜனவரிக்கான விதைக்குச் சொல்லி வைக்கிறார்கள். கீழ்ச் சரிவுக்கு வயோமிங் விதை எடுக்க வேண்டியது அவர்கள். என்னுடைய மற்ற நானூறு தாள்களையும் மறுபடி சோதிப்பது: நான், உயிர் இருக்கும்வரை.

டோம் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வது நான். இங்க்ரிட் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது: டோம்.